அப்பாவின் ஐசியும் என் ஆறு மணி நேரமும்

நான் இரவில் நன்றாகத் தூங்குகிறவள். இதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். நட்சத்திர ஆராய்ச்சி என்று சொன்ன மாத்திரத்தில், குளுவாங்கில் எங்கள் தாமான் குடியிருப்பில் இருக்கிறவர்கள் எல்லாரும் நான் விடிய விடிய வாசலில் ஒரு குழாயை நட்டு வைத்துக்கொண்டு ஒற்றைக் கண்ணால் வானத்தைப் பார்ப்பதாகவே நினைத்துக்கொள்கிறார்கள். பக்கத்து வீட்டு அக்கா ஒருநாள் என் கண்ணுக்குக் கீழே இருந்த கருவளையத்தைப் பார்த்துவிட்டு, நேற்று எத்தனை நட்சத்திரம் பார்த்தாய் என்று பரிவோடு விசாரித்தார். நேற்று நான் பார்த்தது முழுக்க மாணவர்களின் தேர்வுத் தாள்கள். அதைச் சொன்னால் இருக்கிற மரியாதையும் போய்விடும் என்று சும்மா இருந்துவிட்டேன்.

நான் பயன்படுத்தும் தொலைநோக்கி குளுவாங்கில் இல்லை. பூமியிலேயே இல்லை. ஒன்றரை மில்லியன் கிலோமீட்டருக்கு அப்பால், சூரியனுக்கு முதுகைக் காட்டிக்கொண்டு, கடும் குளிரில் இருக்கிறது. அது பார்த்ததையெல்லாம் எண்களாக அனுப்பும். அந்த எண்கள் என் மடிக்கணினிக்கு வந்து சேரும். நான் காற்றாடிக்குக் கீழே, சாப்பாட்டு மேசையில், பட்டப்பகலில் உட்கார்ந்து அவற்றோடு மல்லுக்கட்டுவேன். வெளியே மழை கொட்டினாலும் புகைமூட்டம் சூழ்ந்தாலும் என் வேலைக்கு ஒரு பாதகமும் இல்லை. மின்சாரம் போனால்தான் எனக்கு வானம் இருட்டும்.

அந்தத் தொலைநோக்கியை இன்னதைப் பார்க்கச் சொல்லுங்கள் என்று யார் வேண்டுமானாலும் விண்ணப்பம் போடலாம். கேட்கிறவர்கள் ஏராளம், கிடைக்கிறவர்கள் கொஞ்சம். விண்ணப்பத்தில் ஒரு விநோதமான விதி உண்டு. எழுதியவரின் பெயரோ ஊரோ பல்கலைக்கழகமோ எங்கேயும் தலைகாட்டக் கூடாது. படித்துத் தீர்ப்புச் சொல்கிறவர்களுக்கு யோசனை மட்டும்தான் தெரிய வேண்டும், ஆள் தெரியக் கூடாது. அப்பாவிடம் இதைச் சொன்னபோது அவருக்குச் சிரிப்புத் தாங்கவில்லை.

"பேரு போடாம எழுதுனா எங்க காலத்துல மொட்டக் கடுதாசின்னு சொல்லுவாங்க. நீங்க படிச்சவங்க, ஆராய்ச்சின்னு சொல்றீங்க."

சிரித்தாலும் சிரிக்காவிட்டாலும் எனக்கு அந்த விதி மேல் உயிர். ரெங்கம் பக்கத்து ரப்பர்த் தோட்டத்தில் பிறந்தவள் எழுதியது என்று எந்தப் பெரிய மனிதருக்கும் தெரியப் போவதில்லை. தெரிந்து இளக்காரமாகப் பார்க்கவும் முடியாது, பாவம் என்று தூக்கிவிடவும் முடியாது. இரண்டு தடவை என் மொட்டைக் கடுதாசி திரும்பி வந்தது. மூன்றாம் தடவை கிடைத்தது. ஆறு மணி நேரம்.

ஆறு மணி நேரம் என்றால் ஆறே மணி நேரம். அதற்குள் நடக்க வேண்டியது இதுதான். சிவப்பாகச் சின்னதாக ஒரு நட்சத்திரம். அதை ஒரு கோள் சுற்றி வருகிறது. ஒவ்வொரு சுற்றிலும் அது நட்சத்திரத்தின் முகத்துக்கு முன்னால் குறுக்கே போகும். அப்போது நட்சத்திர வெளிச்சம் துளி குறையும். அந்தக் கோளுக்குக் காற்று மண்டலம் என்று ஒன்று இருந்தால், அதை ஊடுருவி வரும் வெளிச்சத்தில் அதன் அடையாளம் கிடைக்கும். காற்று இருக்கிறதா இல்லையா, இதுதான் என் கேள்வி. மூன்று நாடுகளில் இருக்கும் மூன்று கூட்டாளிகளும் பெயரைச் சேர்த்திருந்தாலும், விண்ணப்பத்துக்குப் பொறுப்பாளி நான்தான்.

தொலைநோக்கியின் கோளாறால் வேலை கெட்டால் இன்னொரு வாய்ப்புத் தருவார்கள். கேட்டவரின் தவறால் கெட்டால் கிடையாது. என் பல்கலைக்கழக ஒப்பந்தமோ அந்த வருடக் கடைசியில் முடிவதாக இருந்தது. கையில் இந்தக் கண்காணிப்பு இருந்தால் அதை நீட்டிக்கும்படி வாய்விட்டுக் கேட்கலாம். இல்லையென்றால் ஏதாவது வெளிநாட்டில் வேலை தேடிக்கொண்டு கிளம்ப வேண்டியதுதான். கிளம்பினால் அப்பாவைத் தனியாக விட்டுவிட்டுப் போக வேண்டும். வீட்டில் இருப்பதே நானும் அவரும்தான்.

அப்பா லோரி டிரைவர். தோட்டத்தில் ரப்பர் பால் லோரி ஓட்டினார். தோட்டம் ரப்பரைவிட்டுச் செம்பனைக்கு மாறியதும் செம்பனைக் குலை ஏற்றினார். பிறகு குளுவாங்கில் ஒரு ஹார்டுவேர் கடைக்கு சிமெண்டும் குழாயும் ஏற்றிக்கொண்டு பத்து பகாட்டிலிருந்து மெர்சிங் வரைக்கும் போய்வந்தார். வழிகாட்டி ஆப் எதுவும் அவர் கையில் இருந்ததில்லை. எந்தக் கம்பத்தில், எந்தக் குக்கிராமத்தில், எந்தச் சந்தில் யார் வீடு என்பதெல்லாம் மண்டைக்குள் இருந்தது. முகவரியைத் தப்பாக எழுதிக் கொடுக்கும் வாடிக்கையாளரைக் கண்டால் அவருக்கு ஆகவே ஆகாது. அட்ரஸே ஒழுங்காக எழுதத் தெரியாதவன் வீட்டை எப்படி ஒழுங்காகக் கட்டப் போகிறான் என்று கேட்பார்.

என் நட்சத்திரத்தின் மேல் அவருக்குத் தனிப் பிரியம். அதற்குப் பெயர் கிடையாது, பட்டியலில் ஒரு நீளமான எண் மட்டும்தான். நம் ஐசி, அடையாள அட்டை நம்பர் மாதிரி என்று நான்தான் ஒருநாள் வாய் தவறிச் சொல்லிவிட்டேன். அன்றிலிருந்து அந்த எண்ணின் கடைசி நாலு இலக்கத்தை அவர் வாரா வாரம் நாலு நம்பர் லாட்டரிக் கடையில் எழுத ஆரம்பித்தார். ஒரு தடவைகூட அடிக்கவில்லை. "உன் நட்சத்திரம் தரித்திரம் புடிச்சது லா" என்பார். மறு வாரமும் அதையேதான் எழுதுவார். ஒன்றரை மில்லியன் கிலோமீட்டருக்கு அப்பால் இருக்கும் ஓர் இயந்திரத்துக்கும் குளுவாங் நாலு நம்பர் கடைக்கும் நடுவில் இப்படி ஒரு தொடர்பு இருப்பதை நான் என் கூட்டாளிகளிடம் இன்றுவரை சொன்னதில்லை.

அந்த வருடத்தில் அப்பாவின் வலது கண்ணில் புரை முற்றியிருந்தது. அரசாங்க மருத்துவமனையில் அறுவைக்கு நாள் கொடுத்திருந்தார்கள். நான் விடுப்பு எடுத்துக்கொண்டு, பையில் மாற்றுத்துணி எல்லாம் அடுக்கி, அந்த நாளில் அவரைக் கூட்டிக்கொண்டு போனேன். கவுண்டரில் இருந்த தாதி கணினியைப் பார்த்துவிட்டுச் சங்கடப்பட்டார். அறுவையைப் பத்து நாள் முன்னதாகவே மாற்றியாகிவிட்டதாம், கைப்பேசிக்கு அழைத்தும் எடுக்கவில்லையாம், கடிதமும் போட்டார்களாம், அப்பா வரவில்லையாம். தெரியாத நம்பர் என்றால் அப்பா எடுக்க மாட்டார், அது எனக்குத் தெரியும். சரி, கடிதம் எங்கே போனது? ஐசியில் இருக்கும் முகவரிக்குப் போயிருந்தது. ஐசியில் இருந்தது ரெங்கத்துத் தோட்டத்தில் நாங்கள் இருந்த லயத்து வரிசை வீட்டு முகவரி.

அம்மா போன மறுவருடம் நாங்கள் தோட்டத்தைவிட்டுத் தாமானுக்கு வந்தோம். வந்து ஆறு வருடம் ஆகிவிட்டது. நான் என் ஐசியை அந்த மாதமே மாற்றிக்கொண்டேன். அப்பா மாற்றவில்லை. நாளைக்கு, அடுத்த மாதம், தீபாவளி முடியட்டும், மழை விடட்டும் என்று ஆறு வருடம் இழுத்தடித்திருந்தார். கடிதம் தோட்டத்து ஆபீசில் ஒரு பெட்டிக்குள் கிடந்தது. அங்கே எழுத்தராக இருக்கும் கிராணி அதைப் படம் பிடித்து எனக்கு வாட்சாப்பில் அனுப்பியபோது எல்லாம் முடிந்திருந்தது. மறுபடியும் வரிசையின் கடைசிக்குப் போனோம்.

எனக்குக் கோபம் மூக்கு நுனியில் இருக்கும் என்பது அப்பாவுக்குத் தெரியும், ஊருக்கும் தெரியும். ஆனாலும் அன்று மத்தியானம் நான் பேசியது கொஞ்சம் அதிகம்தான். ஊரான் அட்ரஸெல்லாம் மனப்பாடம், சொந்த அட்ரஸை மாற்ற மட்டும் ஆறு வருடமா என்று ஆரம்பித்தேன். ஒரு கண்ணை வைத்துக்கொண்டு மோட்டர் சைக்கிள் ஓட்டி எங்கேயாவது போய் விழுந்தால் போலீஸ்காரன் ஐசி அட்ரஸைப் பார்த்து உடம்பைக் கொண்டுபோய் செம்பனைக் காட்டில்தான் போடுவான் என்றேன். அவர் மருத்துவமனைக்குக் கொண்டுபோன பையிலிருந்து மாற்றுத்துணியை எடுத்து அடுக்கிக்கொண்டிருந்தார். அதைப் பார்த்ததும் எனக்கு இன்னும் ஏறியது.

"அந்த வீடே இல்லப்பா. இடிச்சு மண்ணாக்கிட்டாங்க. இல்லாத வீட்டு அட்ரஸ எதுக்குச் சுமந்துக்கிட்டுத் திரியிறீங்க?"

அப்பா எழுந்து, தலைக்கவசத்தை எடுத்துக்கொண்டு, கோப்பிக்கடைக்குப் போய்விட்டார்.

அந்தத் தோட்டத்தை நினைத்து உருகுகிற ஆளும் இல்லை அவர். ஒழுகும் கூரை, தண்ணீருக்குச் சண்டை, கிராணி ஏச்சு, இதைத் தவிர அந்த இடத்தைப் பற்றி ஒரு நல்ல வார்த்தை அவர் வாயிலிருந்து நான் கேட்டதில்லை. அதனால் வெறும் சோம்பேறித்தனம் என்று நானாக முடிவுகட்டிக்கொண்டேன்.

அவர் போன சூட்டோடு கணினியைத் திறந்தேன். தொலைநோக்கி அலுவலகத்திலிருந்து ஒரு மின்னஞ்சல் வந்திருந்தது. ஒவ்வொரு விண்ணப்பத்தையும் கவனித்துக்கொள்ள அங்கே ஒரு பெண்மணி இருப்பார். கண்காணிப்பு நெருங்கும்போது அவர் எல்லாருக்கும் இப்படி ஒன்று அனுப்புவார். உங்கள் நட்சத்திரத்தின் இடம், நகரும் வேகம், அளந்த ஆண்டு மூன்றையும் தயவுசெய்து இன்னொரு முறை சரிபார்த்து உறுதிசெய்யுங்கள். நான் மூன்று மாதத்துக்கு முன்னால் கண்ணில் விளக்கெண்ணெய் ஊற்றிக்கொண்டு நிரப்பிய படிவம் அது. இப்போது எதற்கு இன்னொரு தடவை? சரிபார்த்துவிட்டேன், எல்லாம் சரி, நன்றி என்று எழுதி அனுப்பினேன். படிவத்தைத் திறக்கவே இல்லை. பல்லைக் கடித்துக்கொண்டு அப்பாவுக்கு நான் சொல்லாமல் விட்ட வசனங்களை யோசித்துக்கொண்டிருந்தேன்.

இரண்டு நாள் நாங்கள் சரியாகப் பேசிக்கொள்ளவில்லை. சாப்பிடுறீங்களா, சாப்பிட்டேன், கதவைப் பூட்டியாச்சா, ஆச்சு. இவ்வளவுதான். மூன்றாம் நாள் காலை நான் எழுந்தபோது மோட்டரைக் காணவில்லை. இரண்டு மணிக்குத்தான் வந்தார். மேசையில் என் கணினிக்குப் பக்கத்தில் ஒரு கார்டைத் தொப்பென்று போட்டார். புது ஐசி. எங்கள் தாமான் முகவரி. படத்தில் அப்பா யாரோ தன்னை ஏமாற்றிவிட்ட மாதிரி முறைத்துக்கொண்டிருந்தார்.

எனக்கு உள்ளுக்குள் இளகிவிட்டது. காட்டிக்கொள்ளாமல் சோறு போட்டேன். முருங்கைக்கீரையும் நெத்திலிச் சம்பலும் வைத்தேன். அது சமாதான உடன்படிக்கை என்று அவருக்குத் தெரியும். உட்கார்ந்து சாப்பிட ஆரம்பித்ததும் வாய் திறந்தது. பதிவு இலாகாவில் கூட்டமாம். காலை எட்டு மணிக்கே போயும் இரண்டு தடவை நம்பர் எடுக்க வேண்டியதாகிவிட்டதாம். கவுண்டரில் இருந்த மலாய்க்காரப் பெண் சின்னப் பிள்ளையாம், ஆனால் கேள்வி மேல் கேள்வியாம்.

"அட்ரஸ் சொன்னேன். எப்ப இருந்து அங்க இருக்கீங்கன்னு கேக்குது. அட்ரஸ் சொன்னா பத்தாதான்னு கேட்டேன். எப்ப இருந்துன்னு சொல்லாட்டி அங்கிள் இப்ப எங்க இருக்கீங்கன்னு எனக்கு எப்படித் தெரியும்னு சொல்லுது. பாரேன் அத."

நான் சோற்றைப் பிசைந்துகொண்டிருந்தேன். எப்போதிலிருந்து.

என் நட்சத்திரம் நமக்குப் பக்கத்தில் இருப்பது. பக்கத்தில் இருப்பவை வானத்தில் கொஞ்சம் வேகமாக இடம் மாறும். வெறும் கண்ணுக்கு ஒன்றும் தெரியாது, ஆனால் ஒரு பெரிய தொலைநோக்கிக்கு அது ஒரு வருடத்தில் போகும் தூரமே அதிகம். அதனால் படிவத்தில் மூன்று கட்டங்கள் உண்டு. எங்கே இருக்கிறது, எந்தப் பக்கமாக எவ்வளவு நகர்கிறது, எந்த ஆண்டில் அங்கே இருந்தது. இந்த மூன்றையும் வைத்து, பார்க்கும் நாளில் அது எங்கே இருக்கும் என்று இயந்திரம் கணக்குப் போடும். நான் முதலில் பழைய பட்டியலிலிருந்து மூன்றையும் நிரப்பியிருந்தேன். பிறகு புதிய பட்டியல் துல்லியமானது என்று முதல் இரண்டையும் மாற்றினேன். மூன்றாவதை மாற்றினேனா?

எச்சில் கையோடு எழுந்து ஓடினேன். இடது கையால் கணினியைத் தட்டிப் படிவத்தைத் திறந்தேன். மாற்றவில்லை. புது இடம், பழைய ஆண்டு. இரண்டுக்கும் பதினாறு வருட வித்தியாசம். இயந்திரம் என் நட்சத்திரத்தைப் பதினாறு வருடம் கூடுதலாக நடக்கவைத்து, அது இல்லாத வெற்றிடத்தில் கொண்டுபோய்க் கண்ணை வைக்கும். ஒரு சின்னச் சதுரத்துக்குள் வெளிச்சம் தேடும். அங்கே ஒன்றும் இருக்காது. இருக்காவிட்டால் உட்கார்ந்து காத்திருக்காது, அடுத்தவருடைய வேலையைப் பார்க்கப் போய்விடும். என் ஆறு மணி நேரம் அதோடு முடிந்தது. தவறு யாருடையது என்று கேட்டால், சரிபார்த்துவிட்டேன் என்று நானே கைப்பட எழுதிக் கொடுத்த அத்தாட்சி இருக்கிறது.

அந்தப் பெண்மணிக்கு எழுதினேன். மன்னியுங்கள், நான் சரிபார்க்காமலே சரி என்று சொல்லிவிட்டேன், ஆண்டு தப்பு, இன்னும் மாற்ற முடியுமா? அங்கே அப்போது அதிகாலை இரண்டு மணி. அவர் எழுந்து, பல் துலக்கி, அலுவலகம் போய்க் கடிதத்தைப் பார்க்க ஏழு மணி நேரமாவது ஆகும். அதற்குள் அந்த வாரப் பட்டியல் பூட்டப்பட்டிருந்தால் யாராலும் ஒன்றும் செய்ய முடியாது. கை காய்ந்துபோய் முருங்கைக்கீரை விரலில் ஒட்டியிருந்தது. எனக்கு அழுகை வந்தது, அழுதேன்.

அப்பா சாப்பாட்டை முடித்து, என் தட்டை மூடிவைத்துவிட்டு, பக்கத்தில் வந்து உட்கார்ந்தார். நட்சத்திரத்துக்கு என்ன ஆச்சு என்று கேட்டார். அது செத்துக்கித்துப் போய்விட்டதோ என்ற கவலை அவர் முகத்தில் இருந்தது. அவருக்குப் புரிகிற மாதிரி சொன்னேன். வாடிக்கையாளர் அட்ரஸ் சரிதான், ஆனால் எந்த வருடம் அங்கே இருந்தார் என்பதைத் தப்பாகப் போட்டுவிட்டேன் என்றேன்.

மேசையில் விரலால் ஒரு தெரு வரைந்தார். "அப்ப ஆளு வீட்டுல இருப்பான். லோரி வேற தெருவுல போயி நிக்கும்" என்றார்.

பத்து வரி போட்டு நான் மாணவர்களுக்கு விளக்குவதை அவர் இரண்டு வரியில் முடித்துவிட்டார். தலையை ஆட்டினேன். எனக்கு நானே செருப்பால் அடித்துக்கொள்ள வேண்டும் போல இருந்தது. ஆறு வருடம் ஐசியை மாற்றாததற்கு அவரை அந்த ஏச்சு ஏசிய வாய் இது. அவருக்காவது போனது ஒரு கடிதம்.

"நீ ஏசுன ஏச்சுக்கு நான் இப்ப நல்லா திருப்பி ஏசலாம்" என்றார் அப்பா. "பொழச்சுப் போ. போயி கையக் கழுவு."

அதற்குப் பிறகு அவர் அதைப் பற்றி ஒரு வார்த்தை பேசவில்லை. சாயங்காலம் கோப்பிக்கடைக்கும் போகவில்லை. அவர் கோப்பிக்கடைக்குப் போகாத சாயங்காலம் காய்ச்சல் வந்த நாளில் மட்டும்தான் நடக்கும். வீட்டிலேயே கோப்பி கலக்கி எனக்கும் ஒரு குவளை கொண்டுவந்து வைத்தார். அம்மா கலக்குவது மாதிரியே சீனியை அள்ளிக் கொட்டியிருந்தார். குடித்தேன்.

ஒன்பது மணிக்குப் பதில் வந்தது. பட்டியல் நாளைக்குத்தான் பூட்டப்படும், ஆண்டை மாற்றிவிட்டேன், நட்சத்திரம் இப்போது சதுரத்தின் நடுவில் விழுகிறது, படத்தை இணைத்திருக்கிறேன் என்று எழுதியிருந்தார். கீழே இன்னொரு வரி இருந்தது. இந்தத் தவறை நீங்கள் மட்டும் செய்வதில்லை, ஆனால் பெரும்பாலும் யாரும் எங்களிடம் வந்து சொல்வதில்லை, சொன்னதற்கு நன்றி. நான் அந்த வரியை அப்பாவுக்குத் தமிழில் சொன்னேன். "நல்ல பொம்பள" என்று சொல்லிவிட்டுப் படுக்கப் போனார்.

கண்காணிப்பு ஒரு ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் ஒரு மணிக்கு ஆரம்பித்தது. பார்ப்பதற்கு ஒன்றுமே இல்லை. இணையத்தில் அந்த வாரப் பட்டியல் இருக்கும், அதில் என் விண்ணப்ப எண்ணுக்கு நேரே நேரம் போட்டிருக்கும், அவ்வளவுதான். ஆனாலும் நான் காலையிலேயே தலைக்குக் குளித்துவிட்டேன், அப்பா மட்டன் வாங்கி வந்தார். ஒரு மணி அடித்ததும் இப்போது அந்தத் தொலைநோக்கி எந்தப் பக்கம் இருக்கிறது என்று கேட்டார். அது எப்போதும் சூரியனுக்கு எதிர்ப்பக்கம் இருப்பது, உச்சி வெயில் நேரத்தில் பூமிக்கு அந்தப் பக்கம், அதாவது நம் காலுக்கு நேர் கீழே என்றேன். அப்பா குனிந்து தரையைப் பார்த்தார். பிறகு இரண்டு காலையும் தூக்கி நாற்காலி மேல் மடக்கி வைத்துக்கொண்டார். மிதித்துவிடக் கூடாது இல்லையா. மட்டனைச் சாப்பிட்டு முடிக்கும்வரை காலைக் கீழே வைக்கவில்லை.

சில நாள் கழித்து எண்கள் வந்தன. அவற்றைச் சுத்தப்படுத்தி வரைந்தபோது திரையில் ஒரு கோடு வந்தது. நேராக ஓடி, நடுவில் இறங்கி, கொஞ்ச தூரம் அப்படியே போய், மறுபடியும் ஏறி நேராக ஓடியது. அப்பாவைக் கூப்பிட்டுக் காட்டினேன். நல்ல கண்ணை மட்டும் திறந்து, திரையில் மூக்கு இடிக்கிற அளவுக்குக் கிட்டே போய்ப் பார்த்தார். ரோட்டில் குழி மாதிரி இருக்கிறது என்றார். அந்தக் குழியில்தான் ஒரு கோள் போகிறது என்றேன். யாரும் உள்ளே இருக்கிறார்களா என்று கேட்டார். முதலில் காற்று இருக்கிறதா என்று பார்க்க வேண்டும், அதற்கே ஒரு வருடம் ஆகும் என்றேன். "மெல்லப் பாரு, அது எங்க போயிடப் போவுது" என்றார். பிறகு அவருக்கே சிரிப்பு வந்துவிட்டது. அது எவ்வளவு போகும் என்பது இப்போது அவருக்கும் தெரியும்.

அந்தக் கோட்டைக் காட்டித்தான் ஒப்பந்தத்தை இரண்டு வருடம் நீட்டிக்கச் சொல்லிக் கேட்டேன். நீட்டித்தார்கள். நான் எங்கேயும் போக வேண்டியதில்லை என்று அப்பாவிடம் சொன்னபோது, ரொம்ப நல்லது, மோட்டருக்கு ரோட் டெக்ஸ் வரி கட்ட ஆள் வேண்டும் என்றார். சொல்லிவிட்டு அடுப்படிக்குப் போய் மூக்கைச் சிந்தினார்.

இன்னொன்றைச் சொல்லாமல் இதை முடிக்க முடியாது.

அடுத்த மாதம் மருத்துவமனையிலிருந்து கடிதம் வந்தது. எங்கள் தாமான் முகவரிக்கு அப்பா பெயரில் வந்த முதல் அரசாங்கக் கடிதம். அறுவைக்குப் புது நாள் கொடுத்து, பழைய சோதனைத் தாள் ஒன்றும் வேண்டுமென்று போட்டிருந்தது. அப்பாவுக்கு எழுத்து தெரியவில்லை, பிளாஸ்டிக் ஃபைலில் இருக்கும் எடுத்துக்கொள் என்று சொல்லிவிட்டுச் செடிக்குத் தண்ணீர் ஊற்றப் போனார். அந்த ஃபைலை நான் அதுவரை திறந்ததில்லை.

சோதனைத் தாளுக்குக் கீழே இரண்டு நகல்கள் இருந்தன. ஒன்று மங்கிப்போனது, அம்மாவின் ஐசி. அவர் இறந்ததைப் பதிந்தபோது அசல் கார்டை இலாகாவில் வாங்கிக்கொண்டார்கள், அது எனக்கு நினைவிருக்கிறது. இன்னொன்று புதிது. அப்பாவின் பழைய ஐசி. இரண்டிலும் ஒரே லயத்து எண், ஒரே தோட்டம், ஒரே ரெங்கம். புது நகலின் பின்பக்கத்தில் ஒரு ஃபோட்டோஸ்டாட் கடையின் சின்ன ரசீது ஊசியால் குத்தியிருந்தது. அதில் அவர் ஐசி மாற்றப் போன நாளின் தேதி இருந்தது. எங்கள் தாமான் கடையில்லை, பதிவு இலாகாவுக்கு எதிர்ச் சாரியில் இருக்கும் கடை.

இரண்டு தடவை நம்பர் எடுத்தேன் என்று அன்று சோறு தின்றுகொண்டே சொன்னாரே. நான் ஏன் என்று கேட்கவே இல்லை. முதல் நம்பருக்குக் கவுண்டர் வரைக்கும் போயிருக்கிறார். பழைய கார்டைத் திரும்பத் தர மாட்டோம் என்று சொல்லியிருப்பார்கள். வரிசையை விட்டுவிட்டு, ரோட்டைக் கடந்து போய், நகல் எடுத்துக்கொண்டு வந்து, மறுபடியும் கடைசியில் நின்றிருக்கிறார். ஒரு கண்ணோடு.

நகல்களை எடுத்துக்கொண்டு வாசலுக்குப் போனேன். அப்பா என் கையில் இருப்பதைப் பார்த்தார். தண்ணீர்க் குழாயை மூடினார்.

"ஏன்ப்பா எங்கிட்ட சொல்லல?"

"என்னாத்த சொல்றது" என்றார். செடியைப் பார்த்துக்கொண்டே பேசினார். "அவ கார்டுல கடைசியா அந்த அட்ரஸ்தான். அவளால இனிமே மாத்த முடியாது. நான் மட்டும் மாத்திக்கிட்டு எப்படிப் போறதுன்னு இருந்துச்சு."

இல்லாத வீட்டு அட்ரஸை எதுக்குச் சுமக்கிறீங்க என்று நான் கேட்டிருக்கிறேன். அதே வாயால் இப்போது எனக்குத் தெரிந்ததைச் சொன்னேன். எங்கள் பட்டியலில் ஒரு நட்சத்திரத்தின் பழைய இடத்தை யாரும் அழிப்பதில்லை, ஆண்டைப் போட்டு அப்படியே வைத்திருப்போம், அது இல்லாவிட்டால் எங்கிருந்து வந்தது என்று எவனுக்கும் தெரியாது என்றேன். அப்பா முழுசாகக் கேட்டுக்கொண்டார். பிறகு திண்டில் உட்கார்ந்து, பேனா இருக்கிறதா என்று கேட்டார்.

அவருடைய நகலுக்குக் கீழே எழுதினேன். எந்த வருடத்திலிருந்து என்று கேட்டதும் யோசிக்காமல் சொன்னார், கல்யாணம் ஆன வருடம், தை மாதம். எந்த வருடம் வரைக்கும் என்றதற்கு, தாமானுக்கு வந்த வருடத்தைச் சொன்னார். அதையும் எழுதினேன். தாளைக் கண்ணுக்குக் கிட்டே கொண்டுபோய்ப் படித்துப் பார்த்துவிட்டு, அம்மாவின் நகலை என்னிடம் நீட்டினார்.

அதே வருடம், அதே தை மாதம் எழுதினேன். பக்கத்தில் ஒரு கோடு போட்டுவிட்டு, அம்மா போன வருடத்தை எழுதப் போனேன்.

"அவளுக்கு வரைக்கும் போடாத" என்றார் அப்பா.

நான் போடவில்லை.